ஊசியின் பெயர் கேட்கப் போனேன்

கல்யாணமாகி மூன்று வருடமாகியும் நான் உண்டாகவில்லை. வேப்பந்தட்டையிலிருந்து மாமியார் என்னை வெள்ளிக்கிழமைகளில் சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப் போவார். டாக்டரிடமும் என்னை மட்டும்தான் காட்டினார்கள். அரியலூர் டாக்டரம்மா, என்னிடம் குறை ஒன்றும் இல்லை, என் வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். வீட்டில் சொன்னதும் மாமியார் சிரித்துவிட்டார்.

"எம்புள்ள உடம்பப் பாத்துமா அப்புடிக் கேட்டாங்க?"

உடம்பு அப்படித்தான். என் வீட்டுக்காரருக்குப் பெரம்பலூரில் பைக் ஷோரூமில் வேலை. அது முடிந்தால் ஜிம். சட்டைக் கை தைத்தது போல இறுகி நிற்கும். முதுகெல்லாம் பரு வந்தது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். வெயில் சூடு என்றுதான் நினைத்தேன்.

கெஞ்சியும் சண்டை போட்டும் அவரைக் கூட்டிப்போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா நேராகக் கேட்டார்.

"ஜிம்ல ஊசி ஏதாச்சும் போடுறீங்களா?"

"புரோட்டீன் மாதிரிதான் மேடம். எல்லாருமே போடுறாங்க."

"அது ஸ்டீராய்டு. வெளியிலேர்ந்து ஆண் ஹார்மோன் உள்ள போனா, உடம்பு தானா சுரக்கறத நிறுத்திடும். விந்தணுவும் உண்டாகாது. ஊசிய நிறுத்திட்டா நெறைய பேருக்குத் திரும்ப வரும், நாளாகும். என்ன ஊசின்னு பேரு கேட்டுட்டு வாங்க."

பஸ்ஸில் அவர் மெதுவாகச் சொன்னார். "அம்மாகிட்ட சொல்லிராத."

"சொல்லத்தான் போறேன்."

சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை மாமியார் என்னைக் கூப்பிடாமல் தனியாகக் கோயிலுக்குப் போய்வந்தார்.

ஜிம் மாஸ்டரிடம் ஊசியின் பெயரைக் கேட்க என் வீட்டுக்காரருக்குக் கூச்சம். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் நானே ஜிம்முக்குப் போய் நின்றேன். பெண்கள் யாரும் வராத இடம். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

"எங்க வூட்டுக்காரருக்கு என்ன ஊசி போட்டீங்க? டாக்டர் பேரு கேக்குறாங்க."

"சும்மா சத்து ஊசிதாங்க" என்றார் மாஸ்டர்.

"சத்து ஊசின்னா பேரச் சொல்றதுல என்னங்க இருக்கு?"

அவர் திரும்பி வெயிட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். ஆனாலும் டாக்டரம்மா சொன்னதை அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். கடைசியில் மாஸ்டர் ஒரு காலி மருந்துக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். படி இறங்கும்போது பின்னாலேயே ஒருவர் ஓடிவந்தார்.

"அக்கா, எனக்கு வர்ற மாசம் கல்யாணம். அது எந்த டாக்டரு, அக்கா?"

மானம் போய்விட்டது என்று என் வீட்டுக்காரர் என்னோடு சண்டை போட்டார். ஊசியை மட்டும் விட்டுவிட்டார். தோள் சுருங்கியது. வேலையிலிருந்து வந்து சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அந்த மாதங்கள்தான் கஷ்டம். குப்பியைப் பார்த்து டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையை அவர் தவறவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஊசி போடாத வேறு ஜிம்மில் சேரச் சொன்னதும் நான்தான். போன டெஸ்டில் விந்தணு எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது. குழந்தை இன்னும் இல்லை. மருத்துவத்தை விடுவதாக இல்லை.

போன வாரம் பக்கத்து வீட்டம்மா என்னைக் காட்டி, "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

மாமியார் ஆய்ந்துகொண்டிருந்த கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. "எம்மவன் வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.