பூ வராமலே போட்ட அப்பீல்

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது. திருப்பூர் ராயபுரத்தில் நானும் கணவரும் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்திக்கொண்டிருந்தோம். திடீரென்று விற்பனை வரி ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. கனவிலும் பார்க்காத தொகை! கெடுவுக்குள் அப்பீல் போடாவிட்டால் தையல் மெஷின்களை ஜப்தி செய்துவிடுவார்கள் என்றார் ஆடிட்டர்.

என் கணவரோ சாமியிடம் பூக் கேட்காமல் செருப்புக்கூட வாங்க மாட்டார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, குலதெய்வத்தின் முன் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சம்மதம். குண்டடம் பக்கம் இருக்கும் எங்கள் கோயிலுக்கு ஓடி ஓடிப் போனார். போனபோதெல்லாம் சிவப்புதான். கெடுவும் தாண்டிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள்! வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு, மெஷின் மேலேயே தலையை வைத்து அழுதேன்.

மறுநாள் கோயிலுக்குப் போய் வந்தவர், "கெளம்பு அம்முணி, ஆடிட்டர் ஊட்டுக்குப் போலாம்" என்றார். அப்பாடா, வெள்ளைப் பூ வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். தாமதத்தை மன்னித்து அப்பீலை ஏற்கும்படி ஆடிட்டர் மனு எழுதினார். காரணம், மஞ்சள்காமாலையாம்! அதற்கு டாக்டர் சர்டிபிகேட்டும் எங்கிருந்தோ வந்துவிட்டது.

விசாரணை அன்று அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "இப்ப உடம்பு தேவலையா?" என்று என் கணவரிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லீங்க சார். சாமி பூக் குடுக்கலீங்க. அதான் லேட்டுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட பாவி மனுஷா! ஆடிட்டர் முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, மெஷின் எல்லாம் போச்சு!

அதிகாரி சர்டிபிகேட்டைத் தள்ளி வைத்தார். "இப்ப மட்டும் பூ குடுத்துருச்சா?"

"இல்லீங்க. கடைசியாப் போனப்பவும் செவப்புதானுங்க. இவ அழுததப் பாக்க முடியலீங்க. சாமிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்துட்டேனுங்க."

பூ வரவே இல்லையா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

அதிகாரி ஆடிட்டருக்கு ஒரு டோஸ் விட்டார். பொய்யை எடுத்துவிட்டு நடந்ததையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். தாமதத்தை மன்னித்து அப்பீலுக்கு அனுமதியும் கொடுத்தார். மெஷின்கள் தப்பின.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "ஏனுங்க, சாமி கோவிச்சுக்காதுங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"கோவிச்சா என்னையத்தான கோவிக்கும். நீ பேசாம வா" என்றார்.

பூ வராமல் ஓர் அடி எடுத்து வைக்காத மனுஷன், என் அழுகையைப் பார்த்துச் சாமியையே மீறி வந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. அவரிடம் கத்த வாயெடுக்கும்போதெல்லாம் என் குரல் தானாக இறங்கிவிடுகிறது.