கதவை ஆட்டும் வேலை

ஒஹாயோவில் எங்கள் ஊர்ப் பள்ளியில் வெர்னா ஸ்டிக்லி இருபத்திரண்டு வருடமாகத் துப்புரவு வேலை பார்க்கிறாள். நான் அங்கே சமையலறையில். துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி ஒளிவது என்று பிள்ளைகளுக்கு மாதம் ஒரு ஒத்திகை நடக்கும். கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். வெர்னா வராந்தாவில் நடந்து, பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு கதவின் பிடியையும் ஆட்டிப் பார்த்துத் தாளில் குறிப்பாள். வெளியே யார் குரல் கொடுத்தாலும் உள்ளே இருப்பவர்கள் நம்பக் கூடாது, திறக்கக் கூடாது.

போன வருடம், ஆசிரியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா என்று ஊரைக் கூட்டிக் கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று நான் கத்தினேன். வெர்னா எழுந்தாள்.

"போலீஸ் வர்றதுக்குள்ள பிள்ளைங்க செத்துப் போயிரும்டி. அவன உன் சூப்புக் கரண்டியால அடிப்பியா?"

கூட்டமே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பக்கம்தான் ஜெயித்தது. எந்தெந்த ஆசிரியரிடம் துப்பாக்கி என்பது மட்டும் ரகசியம்.

அக்டோபரில் ஒரு நாள் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் கதவைப் பூட்டச் சொன்னவர், இது ஒத்திகை என்று சொல்ல மறந்துவிட்டார். வெர்னாவுக்கு முன்பே தெரியும். அறைக்குள் இருந்தவர்களுக்குத் தெரியாது. அவள் வழக்கம்போல ஒன்பதாம் அறைப் பிடியை ஆட்டினாள். உள்ளே சடக்கென்று ஒரு சத்தம்.

"நான்தாங்க, வெர்னா! சுட்டுறாதீங்க!"

பதில் இல்லை. குரலை நம்பக் கூடாதே! சுவரோடு ஒட்டித் தவழ்ந்தே சமையலறைக்கு வந்தாள். கால்சட்டை நனைந்திருந்தது. என் கையை அப்படிப் பிடித்தாள், நகம் பதிந்துவிட்டது.

சாயங்காலம் அந்த அறையின் ஆசிரியை மிஸ் கோல்மன் அழுதுகொண்டே வந்தாள். "இன்னொரு தடவ ஆட்டியிருந்தீங்கன்னா சுட்டிருப்பேன், வெர்னா."

அதன்பிறகு ஒத்திகையில் வெர்னா எந்தக் கதவையும் தொடுவதில்லை. தள்ளி நின்றே, பூட்டியிருக்கிறது என்று தாளில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

நேற்று என்னைத் தேடி வந்தாள். கையில் அந்தத் தாள்.

"நாலாம் ரூம் பூட்டு விழவே இல்லயாம்டி, மூணு மாசமா. இன்னைக்குத்தான் டீச்சர் சொன்னாங்க. எல்லாம் ஆறு வயசுப் பிள்ளைங்க. நான் பாத்துட்டேன்னு எழுதி வச்சிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னால முடியலடி. இனிமே நீ ஆட்டிப் பாக்குறியா?"

கூட்டத்தில் அவ்வளவு கத்தியவள் நான். ஒன்பதாம் அறைக் கதவு கண்முன் வந்து நின்றது.

"எனக்கு அடுப்புல வேல இருக்கு" என்றேன்.