நாலடி போர்டிகோ

பக்கத்து வீட்டுக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. கடைசியில் நான் மனம் மாறிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பெரம்பலூர் பக்கம் ஒரு பேரூராட்சியில், ஒரு கார் நுழைகிற அகலத்தில் எங்கள் சந்து. முனையில் அவர் வீடு, அடுத்தது எங்களுடையது. புதிதாக வாங்கிய காரை வெயிலில் நிறுத்த மனசு வராமல், சந்துக்குள் நாலடி நீட்டி போர்டிகோ கட்டினார். நான் போய்க் கேட்டேன். "வண்டி போற அளவு இருக்குல்ல டீச்சர்?" என்றார். இருந்தது. பைக் போகிற அளவு.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் சந்துமுனையில் நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரைத் திருப்பக்கூட இடமில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். போர்டிகோத் தூணில் அவர் கால் இடித்ததை நான் பார்த்தேன். உயிர் பிழைத்தார். வலது கை வரவில்லை, பேச்சும் வரவில்லை. ஓயாமல் பேசுகிற மனிதர் அவர். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், அந்தத் தூண் நிற்கக் கூடாது.

வழியைப் பக்கத்து வீட்டுக்காரரே காட்டினார். சொத்து வரிக்காக வீட்டை அளந்து எழுதித் தரச் சொல்லி எல்லாருக்கும் படிவம் வந்தது. தெருவே சதுர அடியைக் குறைத்து எழுதப் படாத பாடு பட்டபோது, அவர் மட்டும் போர்டிகோவையும் சேர்த்து எழுதினார். வரி ரசீது கையில் இருந்தால் இடமும் தன்னுடையதுதான் என்று எங்கள் ஊரில் பலருக்கு ஒரு நினைப்பு. படிவ நகலையும் ரசீதையும் லேமினேட் செய்து கொண்டுவந்து என்னிடமே காட்டினார். "வரி கட்டிட்டேன் டீச்சர். இனிமே யாரு கேப்பாங்க?"

நான் நீளத்தைப் பார்த்தேன். நாற்பத்து நான்கு அடி. கீழே அவர் கையெழுத்து. இரண்டு வீடும் ஒரே மனைப்பிரிவில் வாங்கியவை, பத்திரத்தில் நீளம் நாற்பதடிதான். "ரொம்ப நல்லதுண்ணே" என்று சொல்லி, டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

நான்கு நாள் உட்கார்ந்து மனு எழுதினேன். எழுத எழுத என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் அவர் பதறி, இடது கையை நீட்டி வாசலோரம் இருக்கும் பாத்ரூமைக் காட்டினார். நானும் ஒவ்வொரு முறையும் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். உள்ளே போய் ஒன்றும் செய்யாமல் நிற்பார். "இப்பதானே போயிட்டு வந்தீங்க?" என்று எரிந்து விழுந்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுவைக் கொடுத்தேன். சில வாரம் கழித்து சர்வேயர் வந்தார். புதைந்து கிடந்த எல்லைக்கல்லைத் தோண்டியெடுத்து, அதிலிருந்து அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். போர்டிகோவின் இரண்டு தூணும் கோட்டுக்கு வெளியே நின்றன. எனக்கு வயிறு குளிர்ந்தது. கோடு நிற்காமல் எங்கள் வாசலுக்கு வந்து, பாத்ரூம் சுவரில் முட்டியது.

"இது ஒன்றரை அடி வெளிய இருக்கும்மா" என்றார் சர்வேயர்.

நான் ட்ரெயினிங்குக்குப் போயிருந்த மாதத்தில் என் கணவர் கட்டியது அது. நம் இடத்துக்குள்தான் என்று எனக்குச் சொல்லியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவரைத் திரும்பிப் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "முதல்ல உங்க வூட்டுது இடிபடட்டும் டீச்சர், அப்புறம் என்னுதுக்கு வாங்க. இல்லன்னா ரெண்டும் இருந்துட்டுப் போவட்டும்."

ரெண்டும் இருந்துட்டுப் போவட்டுமாம். உடனே பின்தெருக் கொத்தனாருக்குப் போன் போட்டேன். சர்வேயர் நோட்டை மூடுவதற்குள் முதல் அடி விழுந்தது. டைல்ஸ் உடைகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் சிரிப்பு நின்றுபோனது. அவருக்கு நோட்டீஸ் வந்து, அந்த மாசக் கடைசியில் போர்டிகோவும் போனது. இரண்டாவது தூண் விழும்வரை வாசலிலேயே நின்று பார்த்தேன்.

இப்போது ஆம்புலன்ஸ் எங்கள் வாசல்வரை வரும். என் கணவரைக் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் கட்டி, அதற்குள் நான்தான் குளிப்பாட்டுகிறேன். ஒருநாள் முதுகு தேய்க்கும்போது கேட்டேன்: "அன்னிக்கு நீங்க காட்டுனது எனக்குப் புரிஞ்சிருந்தா, மனுவைக் கிழிச்சிப் போட்டிருப்பேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தார்.

"மாட்டேன். நம்ம பாத்ரூமை முந்துன நாளே இடிச்சிட்டுப் போயி குடுத்திருப்பேன்."