மாட்டுங்காவில் இறங்காத மாமா

காலை 10.40. காட்கோபரிலிருந்து மாட்டுங்காவுக்கு ஸ்லோ லோக்கல் ரயில், ஐந்து ரூபாய் டிக்கெட். நோக்கம், அங்கே பேர்போன இட்லி. சென்னையிலிருந்து வந்து மும்பையில் இட்லி தேடுகிறவனின் அறிவைப் பற்றி நானே ஏதும் சொல்வதற்கில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்த பெருமிதத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

எதிரே ஓர் அம்மா, எட்டு வயது மகள் அபி, தலைமுடிக்குச் செம்பு நிறம் அடித்த இளைஞன் யூசுப்.

"மூணு வாரத்துக்கு ஒருக்க இவளுக்கு ரத்தம் ஏத்தணும் அண்ணாச்சி. போன தடவ நர்ஸக் கடிச்சிட்டா," என்றார் அம்மா.

யூசுப் உறவில்லை. உட்கார்ந்திருப்பவரிடம் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்டு, அந்த இடத்துக்குத் துண்டு போடுவது இந்த ரயில்களின் வழக்கம். அப்படி ஒருநாள் அவன் இடத்தைப் பிடித்தவள் அபி. அன்றுமுதல் ஆஸ்பத்திரி நாளென்றால் தாராவிப் பை பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டுக் காட்கோபருக்கே வந்துவிடுகிறான். யார் எங்கே இறங்குவார் என்று வழிநெடுகப் பந்தயம்.

குர்லா தாண்டியதும் நான் சிக்கினேன்.

"அண்ணாச்சி மாட்டுங்கா. மூஞ்சியிலயே இட்லி தெரியுது," என்று அபியிடம் பந்தயம் கட்டினான் யூசுப். "நான் ஜெயிச்சா நீ ஊசிக்குச் சத்தமில்லாம கைய நீட்டணும். பக்கா?"

"நான் ஜெயிச்சா நீ ரத்தம் குடுக்கணும். எப்பவும் டிமிக்கி குடுக்கே."

யூசுப் முகத்தில் ரத்தம் அப்போதே குறைந்தது. "அரே... சரி."

அபி என்னை உச்சி முதல் பாதம்வரை அளந்தாள். "இந்த மாமா அங்க இறங்க மாட்டாரு."

அம்மா என்னைக் கெஞ்சலாகப் பார்த்தார். ரயிலை விட்டு இறங்குவது என்ன பெரிய வித்தை? குழந்தைக்காக இறங்கியே தீருவதென்று உறுதிபூண்டேன். சயான் போயிற்று. வண்டி நின்றதும் எழுந்துகொள்ளலாம் என்று கௌரவமாக வீற்றிருந்தேன்.

மாட்டுங்கா. எழுந்தேன். இடது செருப்பு இருந்தது, வலதைக் காணோம். இருக்கைக்கு அடியில் புகுந்து மீட்டு நிமிர்ந்தபோது பிளாட்பாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அபி குதித்தாள். "ஒரு ஸ்டேஷன் முன்னாலயே வாசல்ல போய் நிக்கணும் மாமா! நீங்க செருப்பே போடல!"

குற்ற உணர்வில் அவர்கள் இறங்கும் பரேல்வரை போய், ஆஸ்பத்திரிக்கும் போனேன். 11.30க்கு யூசுப் கட்டிலில் கண்ணை இறுக்கிக் கிடந்தான். அபி அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். "ஊசியப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு. அவ்ளோதான், குத்தியாச்சு!"

பிறகு அவள் முறை. நர்ஸ் எச்சரிக்கையாக ஓரடி தள்ளியே நின்றார். பந்தயத்தில் ஜெயித்தவள் அவள், கையை நீட்டவேண்டிய கட்டாயமில்லை. அபி கையை நீட்டினாள்.

"யூசுப்பே கத்தல. நான் கத்துனா மானம் போயிரும்."

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

சென்னையில் நான் கோட்டைவிட்ட நிறுத்தங்கள் ஏராளம். ஒன்றாலும் ஒருவருக்கும் பிரயோஜனம் இருந்ததில்லை.

பிற்பகல் 1.10, திரும்பும் வண்டி. மாட்டுங்காவுக்கு முந்தைய ஸ்டேஷன் தாதர். அங்கேயே எழுந்து வாசலில் போய் நின்றேன், இரண்டு செருப்போடும்.