சத்தம் வைக்காத வீடியோ கேம்

நீலசந்திரா பகுதியில் இருந்த எங்கள் வீட்டு டிவியில் வால்யூம் திருகின் மேல் எப்போதும் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருக்கும். அப்பாவுக்குப் பீன்யா தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். வீடு ஒரே அறை. பகலில் அவர் தூங்கும் பாய்க்கும் டிவிக்கும் நடுவே இரண்டு பேர் உட்காரத்தான் இடம். அதனால் பள்ளி விடுமுறையில் அக்காவும் நானும் வீடியோ கேம் ஆடியதெல்லாம் சத்தமில்லாமல்தான். திருகைத் திருப்பித் திட்டு வாங்கியது நான். பிளாஸ்திரி ஒட்டியது அக்கா.

ஆனால் குறையை அவளே தீர்த்தும் வைத்தாள். நான் ஆட, என் காதருகே குசுகுசுவென்று பாடுவாள். பொம்மை குதித்தால் பாட்டும் குதிக்கும். கடைசி உயிர் மிச்சமிருக்கும்போது வேகமெடுத்து, நடுவே "பேகா பேகா, சீக்கிரம், செத்துடப் போறடி" என்று தெருக் கன்னடமும் கலந்து வரும். கேமின் பாட்டே அதுதான் என்று நம்பினேன். பிற்காலத்தில் இணையத்தில் தேடிக் கேட்கவும் தோன்றவில்லை. தெரிந்த பாட்டை யார் தேடுவார்கள்?

இன்று ஒரு கேம் கம்பெனியில், பாட்டு சரியான இடத்தில் வருகிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. அன்று கேசட்டுக்குள் அடங்கிய நாலைந்து பீப் சத்தம் இன்று வயலின் கூட்டமாக வளர்ந்துவிட்டது; பாட்டுக்கு மட்டுமே டிக்கெட் வாங்குகிறார்கள். போன மாதம் ஆபீஸ் ஆட்களோடு அப்படியொரு கச்சேரிக்குப் போனேன். அந்தப் பழைய கேமின் பெயரைத் திரையில் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் வரிக்கே அரங்கம் கைதட்டியது. பக்கத்துச் சீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அது யாருடைய பாட்டோ. அத்தனை கூட்டத்தில் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

மறுநாள், கல்யாணமாகி அத்திபெலேயில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு எங்கடி தெரியும் அந்தப் பாட்டு? சவுண்டே வெச்சதில்லையே. வாய்க்கு வந்தத பாடியிருப்பேன்."

ஒரு தடவை பாடிக் காட்டச் சொன்னேன்.

"அதெல்லாம் மறந்தே போச்சு. குக்கர் விசில் அடிக்குது, வெச்சிடுறேன்."

கோபம் வந்தது. யோசித்தால், அது பயம். அந்தப் பாட்டு தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான். நானும் மறந்தால் அது எங்கேயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கேமை லேப்டாப்பில் இறக்கி, சத்தத்தை முழுக்கக் குறைத்து ஆடினேன். கடைசி உயிர் வந்ததும் அக்காவின் பாட்டை நானே பாடினேன். தூக்கம் கெட இந்த வீட்டில் யாருமில்லை. இருந்தும் குசுகுசுவென்றுதான் வந்தது.