துப்பாக்கி இறங்காத ஆட்டம்

டெல்பெர்ட் ஹாஸ்கினுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் பாதி காரிலேயே கழிந்துவிட்டது. கான்சஸ், நெப்ராஸ்கா, அயோவா என்று பள்ளிக்கூட மைதானங்களாகச் சுற்றி, பேஸ்பால் பந்தை வெறிகொண்டு எறியும் பையன்களைக் கண்டுபிடித்துத் தன் கிளப்புக்குக் கொடுப்பதுதான் பிழைப்பு. இளமையில் மட்டைக்காரனுக்குப் பின்னால் பந்து பிடிக்கும் கேட்சராகக் குந்திக் குந்தி இரண்டு முழங்காலும் போய்விட்டன. படி ஏறினாலும் இறங்கினாலும் அவற்றைத் திட்டிக்கொண்டேதான் இருப்பார். மனைவி மார்லீன் அவரைப் பனிக்காலத்தில்தான் முழுதாகப் பார்ப்பாள். அதுவே தாங்கவில்லை என்பாள்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மட்டைக்காரன் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலையை ஒட்டி எல்லாக் கிளப்பின் ஆட்களும் வரிசையாக உட்காருவார்கள். பந்தை எறியும் பிட்சர் காலைத் தூக்கினால் போதும், அத்தனை பேர் கையிலும் வேகம் அளக்கிற துப்பாக்கி மேலே எழும். இரண்டு மூன்று இன்னிங்ஸ் அளந்துவிட்டால் அவர்களுக்கு வேலை முடிந்தது. அப்புறம் துப்பாக்கி மடிக்குப் போய்விடும். நாச்சோ வறுவல் வாங்குவார்கள், சூரியகாந்தி விதை கடித்துத் துப்புவார்கள், எவன் மனைவி எவனை விட்டுப் போனாள் என்று பேசுவார்கள். நடுவில் எவனாவது, பந்து கையை விட்டுக் கிளம்பிய பிறகு, சோம்பலாக ஒருமுறை தூக்கி அளப்பான். கடவுள் கொடுத்த கண் இரண்டு இருந்தும் அந்தக் கருவியின் எண்ணைத்தான் நம்புகிற கூட்டம் அது. டெல்பெர்ட்டும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

1993 ஆகஸ்டில் அவர் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் இருந்தார். கிளப்பின் இளையோர் அணி அங்கேதான் ஆடியது. அதில் ராய்ஸ் டாலிவர் என்ற இருபது வயதுப் பையன் டெல்பெர்ட் கொண்டுவந்து சேர்த்தவன். கான்சஸில் அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அவன் அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டு, "உங்க பையன் ஸ்டார்ட்டர்ம்மா, ஆட்டத்தையே அவன்தான் தொடங்குவான்" என்று சொன்னவர் அவர். ராய்ஸுக்கும் வேறு ஆசை கிடையாது. ஆட்டத்தைத் தொடங்க வேண்டும், ஒன்பது இன்னிங்ஸில் ஆறு ஏழை அவனே தாங்க வேண்டும்.

ஆனால் எண் வேறு சொன்னது. முதல் மூன்று இன்னிங்ஸில் மணிக்குத் தொண்ணூற்றெட்டு மைலில் பறக்கும் பந்து, நான்காவதில் தொண்ணூறுக்கு இறங்கிவிடும். பையனுக்குத் தம் இல்லை, கடைசி ஒரு இன்னிங்ஸில் இறக்கி நாலு பந்து எறியவிட்டு அனுப்ப வேண்டிய ஆள் என்று வலைக்குப் பின்னால் இருந்த எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இளையோர் அணிகளுக்கெல்லாம் தலைவரான நாரிஸ் விட்லாக் சனிக்கிழமை நேரில் வந்து அதை உறுதி செய்வதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் டெல்பெர்ட் பையனை உணவகத்துக்குக் கூட்டிப்போனார். பன்றிக்கறி சாண்ட்விச் தட்டை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கசப்பு மருந்தைக் கொடுப்பதுபோல மெல்ல ஆரம்பித்தார்.

"ராய்ஸு, மனசுல ஒண்ணும் வெச்சுக்காத. நாலாவது இன்னிங்ஸ்ல உனக்கு மூச்சு வாங்குதுப்பா. அத மறைக்க முடியாது."

பையன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

"மூச்சா? எனக்கா? நீங்கதான சார் துப்பாக்கிய மடியில போட்டுட்டு நாச்சோ வாங்கப் போயிடுறீங்க!"

"அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

"நீங்கதான சார் சொன்னீங்க, கான்சஸ்ல. துப்பாக்கி மேல இருந்தா கையில இருக்கிற அத்தனையும் காட்டணும்னு. காட்டுறேன். கீழ போயிடுச்சுன்னா எல்லாரும் பாத்தாச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் என் இஷ்டத்துக்கு மெதுவா, ஓரத்துல போட்டு, அவனுங்கள ஏமாத்தி அவுட் ஆக்குறேன். அதுதான் சார் எனக்குப் பிடிச்ச வேலையே."

டெல்பெர்ட்டுக்குத் திக்கென்றது. கையில் இருந்த காப்பிக் கோப்பையை வைக்க மறந்துபோனார். யோசித்துப் பார்த்தால், நான்காவது இன்னிங்ஸுக்குப் பிறகு இந்தப் பையன் பந்தை எவன் அடித்திருக்கிறான்? யாருமே இல்லை! அது அத்தனை பேர் கண்ணெதிரே நடந்தது. ஒருத்தனும் பார்க்கவில்லை. களைப்பு என்று அவர்கள் எழுதியதெல்லாம் அவனுடைய சாமர்த்தியம். அதிர்ச்சியில் அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சனிக்கிழமை நாரிஸ் வந்ததும் வராததுமாக டெல்பெர்ட் இதைக் கொட்டினார். நாரிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல கதைய்யா. பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிப்ப, எனக்குத் தெரியும். ஏழாவது இன்னிங்ஸ்ல தொண்ணூத்தேழு காட்டச் சொல்லு. நானே கையெழுத்துப் போடுறேன், அவன் ஸ்டார்ட்டர்னு."

மெதுவாக எறிந்து ஜெயிக்கிறவனிடம் வேகத்தைக் கேட்டார் நாரிஸ். அந்தக் கேள்வியே தப்பு என்று சொல்ல டெல்பெர்ட்டுக்கு வாய் வரவில்லை. அவரும் எண்ணிலேயே ஊறியவர்தானே. ஆட்டத்துக்கு முன் வேலியோரம் போய் ராய்ஸைக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு என் துப்பாக்கி இறங்காது. புரியுதா?"

"சரி சார்," என்றான் அவன். அவ்வளவுதான்.

நான்காவது இன்னிங்ஸில் பக்கத்து ஆட்கள் எல்லோரும் வழக்கம்போல எழுந்து போனார்கள். டெல்பெர்ட் மட்டும் தூக்கிய கையோடு உட்கார்ந்திருந்தார். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றேழு. மறுபடி தொண்ணூற்றெட்டு. போட்டிக் கிளப்பின் வெர்ன் கிப்பி நாச்சோவோடு திரும்பிவந்து எட்டிப் பார்த்தார்.

"யோவ் டெல், கை மரத்துப்போச்சா? ஏன்யா இறக்காம இருக்க?" என்றவர் எண்ணைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடி நின்றார். "இது எத்தனாவது இன்னிங்ஸு? அஞ்சா? அடப்பாவி!"

டெல்பெர்ட்டுக்குப் பெருமை தலைக்கு ஏறியது. ஆறாவது முடிந்தபோது ராய்ஸ் வலது கையை இரண்டு முறை உதறியதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். கேட்சராக இருந்த மனுஷருக்கு அந்த உதறல் என்னவென்று தெரியாமல் இல்லை. பக்கத்தில் நாரிஸ் முன்னுக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ், அவ்வளவுதானே என்று டெல்பெர்ட் நினைத்தார். ராய்ஸ் பந்து எறியும் மேட்டில் ஏறி நின்று வலைப்பக்கம் ஒருமுறை பார்த்தான். துப்பாக்கி அங்கேயே இருந்தது.

ஏழாவதின் மூன்றாவது பந்து கேட்சருக்கு மேலே எங்கேயோ பறந்து வலையில் மோதியது. கை வழுக்கிவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கேலியாகக் கூவியது. பிறகுதான் பார்த்தார்கள், ராய்ஸ் மண்டியிட்டுக் கிடந்தான். வலது கை அவனோடு சம்பந்தமில்லாததுபோல் தொங்கியது.  வெர்ன் தொப்பியைக் கழற்றினார்.

"தசைநார் போச்சு," என்றார் நாரிஸ். கொஞ்சம் கழித்து, "நீ சொன்னது சரிதான்யா டெல். பையன் ஸ்டார்ட்டர்தான்," என்றார்.

  இந்தக் கையால் நான்தான் செய்தேன் என்பதைத் தவிர டெல்பெர்ட்டின் தலையில் வேறு எதுவும் இல்லை. முழங்காலைத் திட்டக்கூடத் தோன்றாமல் படிகளில் இறங்கி வேலிக்கு ஓடினார்.

மருத்துவ உதவியாளர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து ராய்ஸை நடத்திக் கூட்டிவந்தார். பையன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வேலியோரம் டெல்பெர்ட்டைக் கண்டதும் நின்றான்.

"சார், கடைசி பந்து எவ்வளவு வந்துச்சு?"

"தொண்ணூத்தொம்பது," என்றார் டெல்பெர்ட். உண்மையைத்தான் சொன்னார்.

அத்தனை வலியிலும் பையன் முகம் மலர்ந்தது.

"அப்ப நான் ஸ்டார்ட்டர்தான சார்?"