நில அதிர்வுக் கருவிக்குப் பொங்கல்

பக்கத்து வீட்டில் கற்பூரம் கொளுத்தினால் நான் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். எனக்குப் பக்தி குறைவு என்று மருமகள் நினைக்கிறாள். உண்மை வேறு. நான் சொன்ன பொய்க்கு ஒரு கொத்தனார் வேலையையும் வீட்டையும் இழந்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வெள்ளைக்காரன் காலம். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட்டின் பழைய காப்பிக் கிடங்கைப் பல்கலைக்கழகம் ஆய்வுக்கூடமாக வைத்திருந்தது. அதைப் புதுப்பித்து நில அதிர்வுக் கருவி ஒன்றை வைக்க வேண்டும். நான் பேராசிரியரின் உதவியாளன். பௌதிகம் படித்த திமிர் வேறு. கருவி உட்கார நடுவில் ஒரு கருங்கல் தூண். அடிப்பாறையிலிருந்து எழும்பி, தளத்தை எங்கும் தொடாமல் தனியாக நிற்க வேண்டும். பக்கத்தில் இருமினால்கூட ஊசி ஆடுமாம். எஸ்டேட் லைன் வீட்டில் குடியிருந்த பழனி கொத்தனார் அதைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தினார்.

வேலையாட்களோ அதில் சாய்ந்துதான் வெற்றிலை போட்டார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒருநாள் பழனியிடம், "அந்தக் கல்லுல சாமி எறங்கியிருக்கு. யாரும் தொடக்கூடாது" என்றேன்.

"நெசமாங்க சார்?"

"நெசம்."

மறுநாள் கல்லுக்கு மஞ்சள் பூசியிருந்தது. வெள்ளிக்கிழமை பொங்கல். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனைபோல நடந்தார்கள். பேராசிரியர் வருவதற்குள் மஞ்சளைத் துடைப்பது என் வேலை. "பாத்தியா, விஞ்ஞானத்து மேல என்ன மரியாதை!" என்று அவர் பூரித்தார்.

கருவி வந்தது. முதல் வெள்ளிக்கிழமையே ஊசி தாளைக் கிழிப்பதுபோல் ஆடியது. பெரும் நில அதிர்வு என்று பட்டணத்துக்குத் தந்தி அடித்துவிட்டு வந்த பேராசிரியர், பின்சுவரைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அங்கே கல்லுச்சாமிக்குப் பொங்கல். தலைச்சோலையிலிருந்து வந்த நாலு பம்பைக்காரர்கள். நடுவில் அருள் வந்து குதித்துக்கொண்டிருந்த பருத்த அம்மாள் ஒருத்தி.

"யார் கிளப்பினது இதை?"

நான் பழனியைப் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது. பழனியும் என்னைப் பார்த்தார். மூன்றாம் நாள் எஸ்டேட் துரை பழனியை வேலையிலிருந்து நீக்கி, வீட்டையும் காலி செய்ய வைத்தார்.

இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு பேராசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். என் வேலை போயிற்று. ஆனாலும் பழனி திரும்பி வரலாம் என்று துரையிடம் பேராசிரியரே கடிதம் வாங்கித் தந்தார். வேலையாட்களைக் கூட்டி, சாமி இறங்கியதாக நான் சொன்னது பொய் என்றேன்.

"ஐயோ, சாருக்குக் காத்து கருப்பு அண்டிருச்சுங்க!" என்று வேப்பிலையால் அடித்தார்கள். நியாயமான அடிதான்.

கடிதத்தோடு கிளியூருக்கு நடந்தேன். ஒழுகும் குடிசை ஒன்றில் இருந்தார் பழனி. படித்துக் காட்டினேன்.

"இத அன்னைக்கு வாயில சொல்லியிருந்தா, காயிதமே வேண்டியிருக்காதுங்க சார்."

கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த கயிற்றுக் கட்டிலின் காலுக்கு அடியில் செருகினார்.

"உக்காருங்க. தொரை காயிதம், நொம்பக் கெட்டி. இனி ஆடாதுங்க."

உட்கார்ந்தேன். ஆடவில்லை.

அவர் திரும்பிப் போகவேயில்லை. ஆய்வுக்கூடம் போயிற்று, கருவி போயிற்று, அந்த லைன் வீடுகளும் இடிந்தாயிற்று. இன்று மனம் மாறினால்கூடத் திரும்பிப் போக வீடு இல்லை. மனம் மாற அவரும் இல்லை.